குட்டைச் சிறகுக் கொசுவுக்கு மாப்பிள்ளை தேடினேன்

பூச்சிக்குப் பெயர் வைக்கிற தொழிலில் பெரிய கஷ்டம் பூச்சியைப் பிடிப்பதல்ல, இதுவும் ஒரு தொழில்தான் என்று மனைவி வீட்டாரை நம்பவைப்பது. வங்கியில் வேலை என்றால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். ஆசிரியர் என்றால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். "இதுவரை ஒருவரும் பெயர் வைக்காத கொசுவுக்கு நான் பெயர் வைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார், பிறகு உங்கள் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். தான் செய்வது என்னவென்று தன் வீட்டிலேயே விளங்கப்படுத்த முடியாமல் தடுமாறுகிற அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் பாடு எனக்குத் தெரியும்.

நான் நிந்தவூரில் பிறந்தவன், கல்முனைக்குடியில் கல்யாணம் முடித்தவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, பெற்றவர்கள் கட்டிக் கொடுப்பது. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவான். அப்படி நான் வந்து ஏறிப் பன்னிரண்டு வருடமாகிறது. பல்கலைக்கழகமொன்றின் விலங்கியல் ஆய்வுகூடத்தில் வேலை. மனைவி ரிஸானா, அவளுடைய உம்மா, அதாவது என் மாமி, பிறகு ஒரு கொசு. கதையில் முக்கியமானவர்கள் இவ்வளவுதான்.

நடந்து போன கொசு

ரிஸானா வீட்டுக்குப் பின்னால் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டுக் காளான் வளர்க்கிறாள். அவித்த வைக்கோலைப் பொலித்தீன் பைகளில் இறுக்கி, காளான் வித்தைத் தூவி, கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுவாள். பையில் போட்ட ஓட்டைகளால் காளான் எட்டிப் பார்க்கும். ஒரு நாள் வந்து, பைகளில் கறுப்புக் கொசு விழுந்திருக்கிறது, அதன் புழுக்கள் காளான் தண்டைத் துளைத்துத் தின்கின்றன, நீங்கள் பூச்சி படித்தவர்தானே என்று கூப்பிட்டாள். இந்த வீட்டில் என் படிப்புக்காக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

கொசுக்கள் பறந்துகொண்டிருந்தன, கடிக்கிற நுளம்பல்ல, காளானில் மொய்க்கிற சின்ன ஈக் கொசு. அவற்றை எனக்குத் தெரியும். காளான் வளர்க்கிற இடமெல்லாம் இருக்கிற பழைய ஆட்கள், பெயர் எப்போதோ வைத்தாயிற்று. ஆனால் பைகளுக்குக் கீழே, சிந்திக் கிடந்த ஈர வைக்கோலில், சில நடந்துகொண்டிருந்தன. எறும்பு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் கொசு. சிறகு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சிறு துண்டு, சட்டைக் கையைத் தோளோடு வெட்டிவிட்ட மாதிரி. இப்போதுதான் கூட்டிலிருந்து வெளியே வந்திருக்கும், சிறகு இனித்தான் விரியும் என்று ஒன்றைப் போத்தலில் போட்டு நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை பார்த்திருந்தேன். விரியவில்லை. சிறகு பழுதான கொசுவா, வளராத கொசுவா, அல்லது கொசுவே இல்லையா, எனக்குப் பிடிபடவில்லை. வைக்கோல் அள்ள வந்த ரிஸானா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அது பறக்கும் பறக்குமெண்டு நீங்க காலத்தால இருந்து பாத்துக்கிட்டு இரிக்கிறீங்க. அதுக்குப் பறக்கிற எண்ணமே இல்ல, அது பாட்டுக்கு நடந்து போகுது."

குப்பிக்குள் இருந்தது

கொசுவைக் கெடாமல் வைக்க மதுசாரம் வேண்டும், குடிக்கிற சாராயத்தின் மணம்தான் அதற்கும். ஆய்வுகூடத்திலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்து, குசினி அலுமாரியின் மேல்தட்டில் சீனி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒளித்ததுதான் பிழை. மேசையில் வைத்திருந்தால் மருந்து என்று நினைத்து விட்டிருப்பார்கள். அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்த மாமி சீனி எடுக்கப் போய், போத்தலைக் கண்டு, மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டார். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடிப்போய் விளங்கப்படுத்தினேன். இது குடிக்கிற சாமான் இல்லை மாமி, கொசுவைப் போட்டு வைக்கத்தான். நம்பமாட்டாரோ என்று சிறு குப்பிகளைக் கொண்டுவந்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ஒவ்வொன்றின் அடியிலும் செத்த கொசு ஒன்று, கறுப்புப் புள்ளியாக. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குப்பியாகப் பார்த்தார். முகத்திலிருந்த கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது. மருமகன் தப்பிவிட்டான் என்ற நிம்மதியைவிடக் கொசுவைப் பற்றிய கவலைதான் அதில் கூட இருந்தது.

"ஏன் மகன், இந்த ஏழைச் சீவன்கள் எல்லாம் குடிச்சிட்டா மௌத்தாகின?"

இருபத்தெட்டும் பெண்

சிறகு பழுதானதல்ல, பிறப்பே அப்படித்தான் என்று தெரிய ஒரு மாதம் எடுத்தது. கால் மயிர், உணர்கொம்பின் கணு, சிறகுத் துண்டின் நீளம் எல்லாவற்றையும் நுணுக்குக்காட்டியில் வைத்து அளந்தேன். கிடைத்த கட்டுரைகளோடெல்லாம் ஒப்பிட்டேன். எதிலும் பொருந்தவில்லை. பிழையாக எண்ணிவிட்டேனோ என்று திரும்ப எண்ணினேன். திரும்ப எண்ணியபோது வேறு எண் வந்தது. மூன்றாம் தடவை முதல் எண்ணே வந்தது. புது இனம்தான் என்று ஒருவாறு நம்பிய அன்று, சந்தோஷத்தில் கல்முனை பஸ் நிலையத்தில் மூன்று பேருக்கு ஸலாம் சொன்னேன். அதில் இரண்டு பேரை எனக்குத் தெரியாது.

வரைபடங்களையும் குப்பிகளையும் கட்டிக்கொண்டு, என்னைப் படிப்பித்த பேராசிரியையிடம் போனேன். அவர் மட்டக்களப்பு ஆள், அதிகம் பேசமாட்டார். இந்தக் கொசுக் குடும்பத்தில் பெண்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்று. ஆணின் வால் நுனியில் இடுக்கி மாதிரி ஒரு சோடி உறுப்பு இருக்கும். அதன் அமைப்பை வைத்துத்தான் இது இன்ன இனம் என்று சொல்வது. ஆண் இல்லாமல் பெயர் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஏன் போனேன் என்பதுதான் தெரியவில்லை. அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் கடைசிக் குப்பியையும் பார்த்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நௌசாத், இருபத்தெட்டுப் பொம்பிளைகளைக் கொண்டுவந்து வரிசையா நிப்பாட்டியிருக்கிறீங்க. ஒரு ஆம்பிளையோட வாங்க, மறுகா கதைப்பம்."

பிறைக்கு முன்

இதற்குள் ரிஸானாவின் பைகளில் பாதி போய்விட்டது. முறைப்படி செய்யவேண்டியது என்னவென்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பைகளை வெளியே எடுத்து எரித்து, கொட்டிலைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, ஒரு கிழமை காயவிட வேண்டும். நான்தான் விடவில்லை. உலகத்தில் இந்தக் கொசு இருப்பதாக எனக்குத் தெரிந்த ஒரே இடம் அந்தக் கொட்டில். அதைக் கழுவிவிட்டால் நான் எதை வைத்து எதற்குப் பெயர் வைப்பது? அவளுக்கோ நோன்பு மாதம்தான் பெரிய மாதம். நோன்பு திறக்க ரோல்ஸும் பற்றிஸும் போடுகிற மூன்று கடைகள் அவளுடைய காளானை எதிர்பார்த்திருந்தன. ஒரு நோன்புக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த நோன்புக்கு அவர்கள் அவளைத் தேடமாட்டார்கள். மூன்று வருடம் ஓடி ஓடிப் பிடித்த கடைகள்.

பரிகாரமாக மஞ்சள் பசைத் தாள்கள் வாங்கிவந்து கொட்டிலுக்குள் தொங்கவிட்டேன். பறக்கிற கொசு மஞ்சளைக் கண்டு வந்து ஒட்டிக்கொள்ளும். பறக்கிற பழைய ஆட்களாவது குறையட்டும், நடக்கிற என் ஆட்கள் தப்பட்டும் என்பது என் யோசனை. வெள்ளிக்கிழமை தோறும் கறுத்துப்போன தாள்களைக் கழற்றி நானே எரித்தேன். நல்ல கணவன் என்ற எண்ணம்கூட எனக்கு வந்தது. ரிஸானா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஒரு தவணை சொன்னாள்.

"நோன்புப் பிறைக்குப் பத்து நாளைக்கு முந்தி கொட்டில் கழுவுப்படும். அதுக்குள்ள உங்கட ஆம்பிள வந்தா வரட்டும், இல்லாட்டி அவளுகள் குமராவே போகட்டும்."

வீரமுனை வைக்கோல்

கொட்டிலுக்குள் ஆண் இல்லையென்றால் வைக்கோல் வந்த இடத்தில் இருக்கலாம். ரிஸானாவுக்கு வைக்கோல் தருகிறவர் வீரமுனையில் வயல் செய்யும் சிவலிங்கம் அண்ணன். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அவருடைய வைக்கோல் போரடியில் போய்க் குந்தினேன். கொசு பிடிக்க எங்களிடம் ஒரு குழாய் இருக்கிறது. ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் மறுமுனையால் கொசு போத்தலுக்குள் வந்து விழும். வாயில் குழாயோடு வைக்கோலுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு திரிகிற மனிதனை, வரம்பில் போன சனம் நின்று பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் நாள் மாலை இரண்டு குட்டைச் சிறகுகள் கிடைத்தன. இரண்டும் பெண்.

ஆண் இல்லாவிட்டாலும் ஊராவது கிடைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புது இனத்தை எழுதும்போது அது எங்கே கிடைத்தது என்று ஊரின் பெயரைப் போடவேண்டும், அந்தப் பெயர் பிறகு அழியாது. அண்ணே, உங்கள் ஊர்ப் பெயர் இனி உலகத்துப் புத்தகங்களில் வரப்போகிறது என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"தம்பி, குறை நினைக்காதீங்க, எங்கட ஊர்ப் பேர மட்டும் எழுதிராதீங்க. பூச்சி பிடிச்ச வைக்கோலெண்டு கதை பரவினா மறுகா இத மாடும் தின்னாது."

வட்டலப்பம்

தவணைக்கு எட்டு நாள் இருக்கும்போது ஆண் கிடைத்தான். கிடைத்தான் என்றுதான் நினைத்தேன். குட்டைச் சிறகு, வால் நுனியில் இடுக்கி போல இரண்டு நீட்டம். வீட்டில் இருந்த கைவில்லையால் பார்த்துவிட்டு, "ஆம்பிள! ஆம்பிள கிடைச்சிட்டுது!" என்று கத்திக்கொண்டு கொட்டிலிலிருந்து ஓடிவந்தேன். மாமிக்கு முழு விஷயமும் விளங்கியதோ தெரியாது. ஆனால் மருமகன் இவ்வளவு காலமும் தேடியது கிடைத்துவிட்டது என்பது விளங்கியது. முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் அடித்து வட்டலப்பம் அவித்தார்.

நான் ஆய்வுகூடத்துக்குப் போய் நுணுக்குக்காட்டியில் வைத்தேன். இடுக்கி என்று நான் கண்டது, வாலில் ஒட்டியிருந்த இரண்டு வைக்கோல் நார். தூரிகையால் தொட்டதும் கழன்று விழுந்தன. வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன். உள்ளே ஏலக்காய் வாசம். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், மாமி, அது ஆண் இல்லை, பெண்தான் என்றேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது, வயது நாற்பத்திரண்டு. மாமி என்னை உட்காரவைத்துப் பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்தார்.

"பரவாயில்ல மகன், பொம்பிளப் புள்ளையும் அல்லாஹ் தந்ததுதானே. என்ன, வீடொண்டு கட்டிக் குடுக்கணும்."

ரிஸானா கேட்டது

இன்னும் நான்கு நாள். பின்னேரம் குசினி வாசலில் ரிஸானா மிஞ்சியிருந்த காளானைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து புலம்பினேன். வைக்கோலைக் கிளறிவிட்டேன், பையைக் கிழித்துவிட்டேன், நிலத்து மண்ணைக்கூட அரித்துவிட்டேன், குட்டைச் சிறகில் ஓர் ஆண்கூட இல்லை. இவர்கள் ஆண் இல்லாமலே பெருகுகிறார்களா? அப்படியும் சில பூச்சிகள் உண்டு. அல்லது ஆண் ஒரு நாள்தான் உயிரோடிருப்பானா? அல்லது நான் பார்ப்பது ஓர் இனமே இல்லையா? ரிஸானா காளானின் அடியை வெட்டிக்கொண்டே, ஏன் குட்டைச் சிறகு ஆணைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். பெண்ணுக்குக் குட்டைச் சிறகென்றால் ஆணுக்கும் அதுதானே என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நம்மட ஊர்ல எந்தப் பொம்பிள மாப்பிள தேடி வெளிக்கிட்டுப் போற? அவ வீட்டோட இரிக்கிறா, அவன்தான் வாறான். உள்ளுக்கு இரிக்கிறவளுக்குச் சிறகு என்னத்துக்கு? வாறவனுக்குத்தான் சிறகு வேணும்."

வந்தவன்

இப்படியும் இருக்கும் என்று நான் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அது எப்படி என் மண்டையிலிருந்து இத்தனை மாதம் எழும்பிப் போயிருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மறுநாள் சுபஹுத் தொழுதுவிட்டுக் கொட்டிலுக்குள் போய்க் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன். வெளிச்சம் வரத் தொடங்கியது. ஒரு குட்டைச் சிறகுக்காரி பையின் அடியில் அசையாமல் நின்றாள். கிடுகு ஓட்டைக்குள்ளால் சாதாரணக் கறுப்புக் கொசு ஒன்று பறந்து வந்தது. நான் நூறு தடவை கண்டு நூறு தடவையும் பொருட்படுத்தாத மாதிரிக் கொசு. அவளுக்குப் பக்கத்தில் இறங்கிச் சிறகை அடித்து அடித்துச் சுற்றி வந்தது. பிறகு இரண்டும் வாலோடு வால் சேர்ந்துகொண்டன. குப்பியைக் கவிழ்த்துச் சோடியாகவே பிடித்தேன்.

நுணுக்குக்காட்டியில் அவனுடைய இடுக்கியைப் பார்த்தேன். பழைய ஆட்களுடையது அல்ல. நுனியில் வளைந்த ஒற்றை முள், எந்தக் கட்டுரையிலும் இல்லாத முள். கொட்டிலில் தொங்கிய கடைசி மஞ்சள் தாளைக் கொண்டுவந்து, ஒட்டியிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கழற்றிப் பார்த்தேன். பழைய ஆட்களோடு கலந்து, அதே முள்ளோடு, ஒன்பது பேர் இருந்தார்கள். ஒரு தாளில் ஒன்பது. இத்தனை நாளும் நான் ஊரெல்லாம் தேடியவர்கள் என் வீட்டுத் தாளிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ரிஸானாவிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, கவலைப்படுகிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"அப்ப நீங்க வெள்ளிக்கு வெள்ளி எரிச்சதெல்லாம் மாப்பிள்ளமாரையா?"

சிவப்புச் சிட்டை

சொன்ன நாளில் கொட்டில் கழுவப்பட்டது. சுண்ணாம்பை நானே அடித்தேன். ஒரு பையை மட்டும் நுளம்பு வலைக்குள் கட்டி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். நோன்பு பாதியில் புதுப் பைகள் காளான் விட்டன. முதல் பாதிக்குக் கொடுக்க முடியாததால் ஒரு கடை போய்விட்டது. இரண்டு கடை மிஞ்சின. போன கடையின் பெயரை ரிஸானா கணக்குக் கொப்பியில் கோடு போட்டு வெட்டினாள், அதுதான் எனக்குக் குத்தியது.

பெருநாளுக்குப் பிறகு கட்டுரையை எழுதி முடித்தேன். பெயர் வைக்கும்போது ஒரே ஒரு மாதிரியைத் தெரிந்தெடுத்துச் சிவப்புச் சிட்டை ஒட்டவேண்டும். இந்த இனம் என்றால் இனி இவன்தான் என்று அதற்கு அர்த்தம். எங்கள் வழக்கப்படி அது ஆண். அந்த விடியற்காலையில் வந்தவனுக்கே ஒட்டினேன். ரிஸானா அவன் இருந்த கண்ணாடித் தகட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மற்றப் பெண்களுக்கு என்ன சிட்டை என்று கேட்டாள். வேறு நிறம், துணை மாதிரிகள் என்றேன். அவ்வளவு காலமும் வைக்கோலுக்குள் கிடந்து முட்டையிட்டுப் பெருகியது அவர்கள், சிவப்புச் சிட்டை அன்றைக்கு வந்தவனுக்கா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்தேன். மேலே என் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்தில், "பொறுமை காத்த மனைவிக்கு நன்றி" என்று ஒரு வரி. கொட்டில் அவளுடையது, கொசு விழுந்ததை முதலில் கண்டது அவள், ஆண் எங்கிருந்து வருவான் என்று சொன்னதும் அவள். வெட்கமாக இருந்தது. நன்றி வரியை வெட்டிவிட்டு, அவள் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டு அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் சஞ்சிகையின் பதிப்பாசிரியர் எழுதினார். கட்டுரையை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் முதல் ஆசிரியர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று குறிப்பிடவில்லையே என்று. என்ன எழுதுவதென்று தெரியாமல் கடிதத்தை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாசித்தாள்.

"வீட்டு விலாசத்தப் போடுங்க. வீடு என்ட பேர்லதானே இரிக்கி."

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நிந்தவூரிலிருந்து பெட்டியோடு வந்து ரிஸானாவின் வீட்டில் ஏறியவன், வெளியிலிருந்து வருகிற மாப்பிள்ளை எப்படியிருப்பான் என்று தெரியாமல் ஐந்து மாதம் அதே வீட்டின் கொட்டிலுக்குள் தேடினான் என்பதுதான் என் ஆராய்ச்சியின் சுருக்கம்.